மண்ணுக்குள் உறங்கும் மலர்கள்

சமையலறையில் ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து, உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வேர்க்கற்றை தொங்கும் அடிப்பகுதியில், சிறு காசு அளவில் கெட்டியான தட்டு ஒன்று தெரியும். அந்தத் தட்டுத்தான் செடியின் தண்டு. தண்டு என்றால் நீண்டு உயர்ந்து நிற்பது என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அதன்மேல் ஒன்றையொன்று தழுவி அடுக்கடுக்காக நிற்கும் சதைப்பற்றான உறைகள் யாவும் இலைகளின் அடிப்பாகங்கள். நடுவில் இளம்பச்சையாக ஒரு முளை இருக்கும். அது அடுத்த பருவத்துக்கான குருத்து. இவ்வாறு தண்டு குறுகி, இலையடிகள் பருத்து, நடுவே குருத்தைப் பொதிந்து வைத்திருக்கும் உறுப்பைத் தாவரவியலார் குமிழ்த்தண்டு என்பர். தோட்டக்காரர் வழக்கில் இதுவும் கிழங்குதான். நாமும் இக்கட்டுரையில் அப்படியே அழைப்போம். உருளைக்கிழங்கும் சேனைக்கிழங்கும் அமைப்பில் வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் அளவோடு கிடைக்குமானால் ஒரு செடிக்குச் சேமிப்பே தேவைப்படாது. உலகின் பெரும்பகுதியில் நிலைமை அப்படியில்லை. சில மாதங்கள் கொண்டாட்டம், சில மாதங்கள் திண்டாட்டம். நல்ல காலத்தில் இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அடியிலே இறக்கி வைத்துக்கொண்டு, கெட்ட காலம் வந்ததும் இலையைக் காயவிட்டு மண்ணுக்குள் முடங்கிக்கொள்வது ஒரு தந்திரம். மறுபடி நல்ல காலம் பிறக்கும்போது மற்றச் செடிகள் விதையிலிருந்து தொடங்க, கிழங்குச் செடியோ கையில் முதலோடு தொழில் தொடங்குகிறது. வெறும் மண்ணிலிருந்து இரண்டே வாரத்தில் ஒரு முழம் உயரத் தண்டும், அதன் உச்சியில் கை அகலப் பூக்களும் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

ஆனால் கெட்ட காலம் என்பது எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. ஓரிடத்தில் அது உறைபனி, இன்னோரிடத்தில் வறட்சி. ஒரு கிழங்கை வாங்குமுன் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இது எந்தக் கெட்ட காலத்துக்குப் பயந்து கிழங்கு வைத்தது?" என்பதே. இதற்கு விடை தெரிந்தால் எங்கே நடுவது, எப்போது நீரை நிறுத்துவது, ஏன் பூக்கவில்லை என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

துலிப் கிழங்கின் ஏமாற்றம்

வண்ணப் படங்களில் துலிப் மலரைக் கண்டு மயங்காதவர் குறைவு. படத்தைக் காட்டித் துலிப், ஹயசின்த் கிழங்குகளை நம் ஊர்களிலும் விற்கிறார்கள். ஆசையோடு வாங்கி நட்டால் நாலைந்து இலை வருகிறது. பூத்தண்டு வருவதில்லை, வந்தாலும் இலைகளுக்கு நடுவே குட்டையாகச் சிக்கி மொட்டிலேயே கருகுகிறது. அடுத்த ஆண்டு மண்ணைக் கிளறினால் கிழங்கே இருப்பதில்லை. நட்டவர் தம் கைராசியை நொந்துகொள்கிறார். கையின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

துலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகள். அங்கே கோடை வறண்டது. குளிர்காலம் பனி மூடியது. இளவேனிலில் பூத்த செடி, கோடை தொடங்கியதும் இலை காய்ந்து உறங்கப் போய்விடும். அந்த உறக்கத்தின்போதே, கிழங்குக்குள் அடுத்த ஆண்டின் பூ உருவாகிவிடுகிறது. இதழ், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் மிகச் சிறிய அளவில் உள்ளே தயார். ஆனாலும் அது வெளியே வராது. வந்தால் பனியில் மாண்டுபோகும். ஆகவே குளிர்காலம் முழுமையாகக் கழிந்துவிட்டது என்ற சான்று அதற்கு வேண்டும். ஏறத்தாழ 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே 12 முதல் 16 வாரங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பதே அந்தச் சான்று. இந்தக் குளிர் கிடைத்த பின்னரே தண்டு நீள்வதற்கான உள்மாற்றங்கள் நிறைவடைகின்றன. சென்னையின் சனவரி இரவில் நாம் போர்வை தேடலாம். துலிப்புக்கு அது குளிரே அல்ல.

கிழங்குக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இந்தத் தொடர்பை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் ஹாலந்து நாட்டு வாகனிங்கனில் பணியாற்றிய ஆன்டன் ஹென்ட்ரிக் பிளாவ் (1882-1942). 1920-களில் அவரும் அவர் குழுவினரும் ஹயசின்த், துலிப் முதலிய கிழங்குகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, அவ்வப்போது பிளந்து, உள்ளே மொட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். இன்று விரும்பிய மாதத்தில் பூக்கும்படி கிழங்கைப் பதப்படுத்தி உலகெங்கும் அனுப்பும் வணிகம் இத்தகைய ஆய்வுகளின்மேல் எழுந்ததுதான்.

சிறீநகரில் 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துலிப் தோட்டம் செழிப்பதற்குக் காசுமீரின் குளிர் காரணம். டில்லிச் சாலையோரங்களில் பிப்ரவரியில் தெரியும் துலிப்புகளோ, ஹாலந்திலிருந்து குளிரூட்டிப் பதப்படுத்தி வந்தவை. நம் சமவெளியிலும் குளிர்பெட்டியில் மூன்றரை மாதம் வைத்துவிட்டு நட்டுப் பார்க்கலாம். (பழங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும்.) பூத்தாலும் அது ஒருமுறைச் செலவே. நம் வெயிலில் இலைகள் விரைவில் காய்வதால் கிழங்கு மறுபடி நிறைவதில்லை. பள்ளிக்கூடச் சோதனையாகச் செய்வதற்கு நல்லது; தோட்டத்துக்காகச் செய்வது வீண் என்பேன். அதைவிடப் பெரிய பூவும் மிகுந்த மணமும் தரும் கிழங்குகள் வெப்ப நாடுகளுக்கென்றே இருக்கும்போது, ஏன் இந்தத் தொல்லை?

வறட்சிக்கு உறங்கும் சம்பங்கி

பூக்கடையில் முழம் போட்டு விற்கும் சம்பங்கி, அதாவது நிலச்சம்பங்கி, மெக்சிகோ நாட்டுக் கிழங்கு. ஆஸ்டெக் மக்கள் 'எலும்புப் பூ' என்று பொருள்படும் பெயரால் இதை அழைத்தனர். மெழுகு வெண்மையைக் கண்டு வைத்த பெயராக இருக்கலாம். ஸ்பானியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. நெடுங்காலம் போலியாந்தஸ் டியூபரோசா என்று நூல்களில் இருந்த அதன் பெயரை இப்போது அகேவ் அமிக்கா என்று மாற்றியிருக்கிறார்கள். வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் பேரினம்தான் அகேவ். பெயர் மாற்றம் என்றாலே சலித்துக்கொள்கிறோம். ஆனால் இந்த மாற்றத்தில் தோட்டக்காரருக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஆனைக்கற்றாழை ஒரே ஒருமுறை பூத்து மடியும். பக்கக் கன்றுகள் பிழைத்திருக்கும். சம்பங்கியும் அவ்வாறே. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அதைச் சுற்றித் தோன்றும் சேய்க்கிழங்குகளே அடுத்துப் பூக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு குத்தில் கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இலை புல்போல் அடர்ந்திருக்கும், பூத்தண்டு மட்டும் குறைந்துகொண்டே வரும். "உரம் போட்டும் பூக்கவில்லை" என்பவர்கள் முதலில் குத்தைத் தோண்டிப் பார்க்கட்டும்.

தோண்டியவுடன் திருப்பி நட்டுவிடவும் கூடாது. மெக்சிகோவின் குளிர்காலம் மழையற்றது. அந்த மாதங்களில் இச்செடி உறங்கும். அந்த உறக்கத்தைத் தோட்டத்தில் நாம் ஈடுசெய்ய வேண்டும். கிழங்குகளைப் பிரித்து, மண் உதறி, நிழலில் காற்றோட்டமாக ஒரு மாதம் பரப்பி வைத்த பின் நடுவதே தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. நடவுக்கு ஏற்றவை சூன், சூலை மாதங்கள். ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். அதனினும் சிறியவை வளரும். ஆனால் அந்தப் பருவத்தில் பூக்குமளவு முதல் அவற்றிடம் இராது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி போதும். ஆழம் இரண்டரை செ.மீ. மண்ணில் நீர் தேங்கக் கூடாது. நாள் முழுவதும் வெயில் விழ வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் பூத்தண்டு எழும்.

பெங்களூரை அடுத்த எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிருங்கார், பிரஜ்வல் ஆகியவை ஓரடுக்குப் பூ வகைகள். சுவாசினி, வைபவ் ஆகியவை பல அடுக்கு. மாலை கட்டவும் வாசனைக்கும் ஓரடுக்கையே கொள்ளுங்கள். பல அடுக்குப் பூ சாடியில் வைக்க அழகு.

உறங்காத விஷமூங்கில்

இப்போது நான் பரிந்து பேசப்போவது ஒரு புறக்கணிக்கப்பட்ட செடிக்காக. பூங்காக்களின் ஓரத்திலும், கடற்கரை ஊர்களின் வேலிகளிலும், அலுவலக வளாகங்களில் தண்ணீர்க் குழாயின் பக்கத்திலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நீளமும் சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட பட்டை இலைகள். இலையடிகள் ஒன்றைச் சுற்றி ஒன்று உருண்டு, மண்ணுக்கு மேலே தடித்த போலித்தண்டாக நிற்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, உச்சியில் இருபது முப்பது வெள்ளைப் பூக்களைக் குடைபோல் விரிக்கும். இதழ்கள் ஒடுங்கி நீண்டு சிலந்திக் கால்போல் வளைந்திருக்கும். இதுவே விஷமூங்கில். தாவரவியற் பெயர் கிரைனம் ஏஷியாட்டிகம். வடநாட்டில் சுதர்சன் என்பார்கள். அமரில்லிடேசி குடும்பம்.

இது நம் கடற்கரைக்கே உரிய கிழங்கு. உப்புக் காற்று, மணல், களிமண், வெயில், பாதி நிழல் எதற்கும் அசைவதில்லை. கெட்ட காலம் இதற்கு நீண்டதாகவும் இல்லை. அதனால் இலையை முழுதும் இழந்து உறங்கும் வழக்கமும் இல்லை. நீர் கிடைத்தால் ஆண்டில் பலமுறை பூக்கும். செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடம் விடுங்கள். கிழங்கின் கழுத்து மண்மட்டத்துக்கு மேலே தெரியும்படி நடுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. தேவையானால் அதுவே இறங்கிக்கொள்ளும். இக்குடும்பத்துக் கிழங்குகளின் அடியில் குறுக்கே சுருக்கங்கள் விழுந்த தடித்த வேர்கள் சில இருக்கும். அவை மண்ணைப் பற்றிக்கொண்ட பின் நீளத்தில் சுருங்கி, கிழங்கைச் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கின்றன. சுருங்கு வேர்கள் என்பது அவற்றின் பெயர். பழைய செடியைத் தோண்டுகிறவர் இடுப்பளவு பள்ளம் வெட்டிவிட்டு மூச்சு வாங்குவதற்கு இவைதாம் காரணம்.

கிரைனம் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறக்குறைய எல்லாமே வெப்ப நாட்டவை. நம் ஆற்றங்கரைகளிலும் குளத்தோரங்களிலும் சேற்றில் நிற்கும் கிரைனம் விவிப்பேரம் ஒன்று. இதழின் நடுவே இளஞ்சிவப்புக் கோடு ஓடும் எக்காளப் பூவையுடைய கிரைனம் லாட்டிஃபோலியம் மற்றொன்று. இது வறட்சியில் இலை காய்ந்து உறங்கி, மழை தொடங்கியதும் பூக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வீடு இடிந்து மக்கள் போய்விட்ட பண்ணைமனைகளில்கூடக் கிரைனம் குத்துகள் பல்லாண்டுகளாகப் பூத்துக்கொண்டிருப்பதைத் தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடுகின்றன. வாசல் இருந்த இடத்தை அந்தச் செடியைக் கொண்டே அறியலாமாம்! நீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் இப்படி நிற்கும் செடியை நாம் சாக்கடையோரத்துக்கு ஒதுக்கிவிட்டு, துலிப்புக்குப் பணம் அனுப்புகிறோம்.

விஷமூங்கிலைப் போலவே தோன்றும் இன்னொன்று சிலந்தி லில்லி எனப்படும் ஹைமனோகாலிஸ். மத்திய அமெரிக்கக் கரையோரச் செடி. மகரந்தத்தாள்களின் அடிப்பகுதிகள் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வால் இணைந்து கிண்ணம்போல் இருந்தால் அது ஹைமனோகாலிஸ். தாள்கள் தனித்தனியே நின்றால் கிரைனம். நீர் தேங்கும் மூலைக்கு இது நல்ல தேர்வு. வெயிலே விழாத முற்றமானால் யூக்காரிஸ் கிழங்கைத் தேடுங்கள். மேற்கு அமேசான் காடுகளின் நிழலில் வளர்வது. தலைகுனிந்த வெண்பூவில் எலுமிச்சை கலந்த மணம். தொட்டியில் நெருக்கமாக இருந்தால்தான் நன்கு பூக்கும்.

பகலில் ஏன் மணப்பதில்லை?

விஷமூங்கில் பூவைக் காலை பத்து மணிக்கு முகர்ந்துவிட்டு, "இதில் என்ன வாசனை?" என்று கேட்பவர்கள் உண்டு. இரவு எட்டு மணிக்கு அதே பூவிடம் சென்று பாருங்கள். பூவிடம் போகவே வேண்டாம். பத்தடி தூரத்திலேயே தெரியும்.

மணம் என்பது எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் கலவை. அவற்றைச் செய்யச் செடிக்குச் செலவு ஆகிறது. ஆகவே வாடிக்கையாளர் வரும் நேரத்தில் மட்டுமே கடை திறக்கிறது. இந்த வெள்ளைப் பூக்களின் முக்கிய வாடிக்கையாளர், அந்தியிலும் இரவிலும் பறக்கும் ஹாக் மாத் என்ற பெரிய அந்துப்பூச்சிகள். அந்தரத்தில் நின்றபடியே சுருள் நாக்கை நீட்டித் தேன் குடிப்பவை. சில இனங்களில் நாக்கின் நீளம் 10 செ.மீ. வரை இருக்கும். விஷமூங்கில் பூவின் அடிக்குழலை அளந்து பாருங்கள்; அதுவும் ஏறத்தாழ அந்த அளவுக்கு நீண்டிருக்கும். ஈயோ தேனீயோ எட்ட முடியாத ஆழத்தில் தேன் இருக்கிறது. இருட்டில் வண்ணம் பயனற்றது. வெண்மை மட்டுமே மங்கலாகத் தெரியும். வெண்மை, நீண்ட குழல், இரவு மணம் ஆகிய மூன்றும் இப்படிச் சேர்ந்தே வருவதைச் சம்பங்கியிலும் காணலாம். மாறாக, கை அகலச் செம்பூவோடு கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றுக்கு மணமே இல்லை. கண்ணைக் கவர்வது அதன் வழி. மணத்துக்காகக் கிழங்கு தேடுகிறவர் முதலில் வெள்ளைப் பூவைத் தேடுவது நல்ல குறுக்குவழி.

சம்பங்கியின் மணத்தில் ஒரு சிறப்பு உண்டு. பறித்த பிறகும் பூ மணப்பொருளைத் தொடர்ந்து உண்டாக்கி வெளிவிடுகிறது. வெந்நீராவியில் வடித்தால் அந்த மென்மணம் கெட்டுவிடும். எனவே பிரான்சின் கிராஸ் நகரத்து அத்தர் தொழிலாளர்கள் பழங்காலத்தில் வேறு வழி கண்டனர். கண்ணாடித் தட்டில் மணமற்ற கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களை அடுக்கி வைப்பார்கள். பூ உயிரோடு விடும் மணத்தைக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளும். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூவை வைப்பார்கள். கொழுப்பு மணத்தால் நிறையும்வரை இது பல நாள் நடக்கும். இன்று கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் சாறில் மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. வலிக்குத் தேய்க்கும் களிம்பின் நெடி அதனுடையதே. சம்பங்கி மாலையை மூக்கருகே வைத்துக் கூர்ந்து முகர்ந்தால் இனிப்புக்கு அடியில் அந்தக் குளிர்ந்த நெடி தட்டுப்படும்.

பூக்க மறுக்கும் கிழங்கு

ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கைப் பிளந்து பார்த்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டிருக்கிறார்கள். உள்ளே நான்கு இலைகள் தோன்றினால் ஒரு பூத்தண்டு தோன்றுகிறது. மறுபடி நான்கு இலை, ஒரு பூத்தண்டு. அந்தப் பூத்தண்டு உள்ளே உருவாகி வெளியே வர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிறது. அதாவது இந்தக் கோடையில் நீங்கள் காணும் பூ, சென்ற ஆண்டு இலைகளின் உழைப்பு. பூ முடிந்ததும் "பார்க்க நன்றாக இல்லை" என்று இலைகளை அறுத்தெறிகிற தோட்டக்காரர், அடுத்த ஆண்டுப் பூவை அறுத்தெறிகிறார். இலை தானே மஞ்சளாகிச் சாயும்வரை கத்தி வேண்டாம். வாடிய பூக்களை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

பூக்காமைக்கு வேறு காரணங்களும் உண்டு. நிழல் மிகுந்தால் பூ குறையும். வறட்சிக்கு உறங்கும் இனத்துக்கு ஓயாமல் நீர் ஊற்றினால் அது உறங்கவும் மாட்டாது, பூக்கவும் மாட்டாது, அழுகிவிடவும் கூடும். ஹிப்பியாஸ்ட்ரம் தொட்டியைக் குளிர்காலத்தில் ஓரிரு மாதம் நீர் காட்டாமல் ஒதுக்கி வைத்துப் பிறகு நனைத்தால், பலவேளை தண்டு எழும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் மிகுந்தால் இலை செழிக்கும், பூ பின்வாங்கும். மட்கிய தொழு உரமும் கொஞ்சம் சாம்பலும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். கிரைனத்தை இடம் மாற்றினால் ஓராண்டு, சிலவேளை இரண்டாண்டு முறைத்துக்கொண்டு நிற்கும். அதற்காக மறுபடி தோண்டிப் பார்ப்பவர்களுக்கு அது ஒருநாளும் பூக்காது.

நஞ்சும் புழுவும்

விஷமூங்கிலின் பெயரில் உள்ள விஷம் வெறும் பேச்சன்று. கிழங்கிலும் இலையிலும் லைக்கோரின் முதலிய அல்கலாய்டுகள் உள்ளன. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஆடுமாடுகள் இதைத் தொடாததால்தான் வேலியோரச் செடியாகப் பயன்படுகிறது. ஆபத்து எங்கே என்றால், தோண்டி எடுத்த கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போலவே இருப்பதில். ஆகவே நடவுக்காக எடுத்த கிழங்குகளைச் சமையலறைக்குள் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். கிழங்கை வெட்டிய கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். யாரேனும் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், அந்தச் செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை. இதே குடும்பத்து அல்கலாய்டான கலந்தமின், அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு மருந்தாகப் பயன்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் அளந்து தூய்மைப்படுத்திய மருந்து வேறு. தோட்டத்துக் கிழங்கு வேறு.

இவ்வளவு நஞ்சையும் பொருட்படுத்தாத ஒரு புழு இருக்கிறது. கரிய உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்புள்ளிகளும் கொண்டு, பார்க்க மணிமாலை போன்றது. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு இது. விஷமூங்கிலையும், மழை லில்லியையும், செங்காந்தளையும் கூட்டமாகத் தின்னும். இரண்டே நாளில் இலைகளைச் சல்லடையாக்கி, பின் குருத்துக்குள் இறங்கும். மழைக்காலத்தில் இலையின் அடிப்பக்கத்தை நாள்தோறும் பாருங்கள். முட்டைக் கூட்டத்தோடு இலைத்துண்டைக் கிள்ளி எடுத்துவிடுவதும், புழுக்களைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுவதும் மருந்தடிப்பதைவிட மேல். கிழங்கு உள்ளே உயிரோடு இருக்குமாதலால், இலை முழுதும் போனாலும் செடி மறுபடி துளிர்க்கும். பூ மட்டும் தள்ளிப்போகும்.

சன்னலில் முளைக்கும் விதை

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். விஷமூங்கில் பூத்து முடிந்த சில வாரங்களில் பச்சை நிறத்தில் எலுமிச்சை அளவுக் காய்கள் தண்டின் நுனியில் கனத்துத் தொங்கும். தண்டு தானே சாய்ந்து காய்கள் மண்ணைத் தொடும். பழுத்த காயை உரித்தால் ஒழுங்கற்ற வடிவில் ஒன்றோ சிலவோ விதைகள் இருக்கும். மற்ற விதைகளைப் போல் இவற்றுக்கு விதையுறை கிடையாது. உள்ளே கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவே வெளிவரை பருத்திருக்கும். அதன் மேல்புறம் தக்கைபோல் ஆகிவிடும். தக்கைக்கு அடியில் நகத்தால் கீறினால் பச்சை நிறம் தெரியும். அந்தப் பச்சை, பச்சையமே.

இவ்விதை கடல்நீரில் மிதந்து போகக்கூடியது. கரைக்குக் கரை இச்செடி பரவியது அப்படித்தான். முளைக்க வெளியிலிருந்து நீர்கூடத் தேவையில்லை. வேண்டிய ஈரம் உள்ளேயே இருக்கிறது. ஒரு விதையை மண்ணும் நீரும் இல்லாமல் சன்னல் ஓரத்தில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்து வாருங்கள். எடை மெல்லக் குறையும். ஆனாலும் ஒருநாள் பக்கத்திலிருந்து வெண்மையான காம்பு ஒன்று நீண்டு கீழ்நோக்கி வளையும். அதன் நுனியில்தான் புதிய கிழங்கு தோன்றும். மண்ணில் வைத்திருந்தால் அந்தக் காம்பு கருவை உள்ளே இறக்கி, பாதுகாப்பான ஆழத்தில் கிழங்கை அமைத்திருக்கும்.

கிரைனம் விதைகள் விஞ்ஞான வரலாற்றிலும் இடம் பெற்றவை. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் கிரைனம் இனங்களை ஒன்றோடொன்று கலந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1837-ஆம் ஆண்டில் அமரில்லிடேசி குடும்பத்தைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். வேறு இனத்தின் மகரந்தத்தைச் சேர்த்தபோது ஒரு கிரைனத்தின் காயில் எல்லாச் சூல்களும் செடிகளாயின என்று அவர் கண்டார். இரு வேறு இனங்கள் கலந்தால் மலட்டுத்தன்மைதான் விளையும் என்பது அக்காலத்துப் பொதுநம்பிக்கை. 1859-இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின் இந்தக் கிரைனம் சோதனையை எடுத்துக்காட்டி, அந்நம்பிக்கை எப்போதும் செல்லாது என்று வாதிட்டார்.

விதை கிடைக்காதவர்கள் கிழங்கைப் பிரித்து நடலாம். குத்தைச் சுற்றித் தோன்றும் சேய்க்கிழங்குகளை வேரோடு பிரிப்பதே எளிது. சேயில்லாத அரிய வகை கையில் இருந்தால், கிழங்கை நெடுக்காக எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்த அடித்தட்டின் ஒரு பங்கு ஒட்டியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயைச் சற்று உலரவிட்டு ஈர மணலில் பதித்தால், சில வாரங்களில் செதில்களுக்கு இடையே, தட்டை ஒட்டி, பட்டாணி அளவுக் குட்டிக் கிழங்குகள் தோன்றும். தட்டு இல்லாத துண்டு அழுகிவிடும். மொட்டு பிறப்பது தண்டில்தானே.

விதையிலிருந்து வந்த கிரைனம் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். முதலாண்டு தொட்டியில் வளர்த்து, இரண்டாம் ஆண்டு மழை தொடங்கும்போது நிலையான இடத்தில் நட்டுவிடுங்கள். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே, காற்று உள்ளே வீசும் பக்கமாக இடம் பார்த்து நட்டால் இரவு மணம் வீணாகாது. அதற்குப் பிறகு இடம் மாற்றாதீர்கள்.